மத்தியான ஆட்டம்: சிகாகோ கப்ஸும் 108 வருஷக் காத்திருப்பும்

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சில இடங்களில் சுருக்கியும் திருத்தியும் இருக்கிறோம்.)

இன்னைக்கு ஒரு சுவர்ல இருந்து ஆரம்பிக்கலாம்.

2016, நவம்பர் முதல் வாரம். அமெரிக்காவின் சிகாகோ நகரம். அங்க ரிக்லி ஃபீல்ட்னு ஒரு பழைய பேஸ்பால் மைதானம் இருக்கு. அதோட வெளிப்பக்கச் செங்கல் சுவர்ல ஜனங்க கலர் சாக்பீஸால எழுதிக்கிட்டிருக்காங்க. முதல்ல டீமுக்கு வாழ்த்து எழுதினாங்க. அப்புறம் பேர்கள் வர ஆரம்பிச்சது. அப்பா பேரு, தாத்தா பேரு, பாட்டி பேரு. சில பேருக்குப் பக்கத்துல பிறந்த வருஷமும் இறந்த வருஷமும். கை எட்டுற உயரம் வரைக்கும் இடம் தீர்ந்துபோய், அதுக்கு மேலயும் எழுதினாங்க.

அந்த வாரம்தான் சிகாகோ கப்ஸ் டீம் வேர்ல்ட் சீரிஸை ஜெயிச்சது. வேர்ல்ட் சீரிஸ்னா மேஜர் லீக் பேஸ்பாலோட இறுதித் தொடர். பேர்லதான் உலகம், ஆடுறது வட அமெரிக்க டீம்கள்தான். கப்ஸ் அதுக்கு முன்னாடி கடைசியா ஜெயிச்சது 1908-ல. நடுவுல 108 வருஷம். 1908-ல பத்து வயசா இருந்த ஒரு பையன் 2016-ல உயிரோட இருந்திருந்தா, அவருக்கு 118 வயசு ஆகியிருக்கும். அதனாலதான் சுவர் முழுக்க இறந்தவங்க பேரு. ஜெயிச்ச சேதியைச் சொல்லணும்னு நினைச்ச ஆளுங்க யாரும் இல்லை.

ஜெயிக்கவே ஜெயிக்காத ஒரு டீமை மூணு, நாலு தலைமுறையா ஜனங்க எப்படிக் கைவிடாம இருந்தாங்க? இதுதான் இன்னைக்கு நம்ம கேள்வி.

கப்ஸ் பத்திப் பேசினா எல்லாரும் ஒரு ஆட்டுக் கதை சொல்வாங்க. 1945 வேர்ல்ட் சீரிஸ்ல பில்லி சயானிஸ்னு ஒரு மதுக்கடைக்காரர் தன் ஆட்டையும் கூட்டிக்கிட்டு மேட்ச் பார்க்க வந்தார், ஆட்டை வெளிய அனுப்பிட்டாங்க, அவர் சாபம் விட்டார், அதனால டீம் ஜெயிக்கல. கேட்க ஜாலியா இருக்கும். ஆனா அது டீம் ஏன் தோத்ததுன்னு சொல்ற கதை. ஜனங்க ஏன் போகலைன்னு அது சொல்லாது. அதுக்குப் பதில் என்னன்னு என்னைக் கேட்டா, மத்தியானம்னு சொல்வேன். விளக்குறேன்.

வெயிலுக்காகக் காத்திருக்கிற ஊர்

நமக்கு வெயில்னா நிழல்ல ஒதுங்கத் தோணும். சிகாகோக்காரங்க நிலைமை நேர் எதிர். மிச்சிகன் ஏரிக்கரையில இருக்கிற ஊர். குளிர்காலத்துல ஏரிக்காற்று முகத்தை அறுக்கும். மாசக்கணக்கா பனி. அப்புறம் ஜூன் மாசம் பள்ளிக்கூடங்கள் மூடும், ஜூன், ஜூலை, ஆகஸ்ட்னு மூணு மாசம் வெயில் கிடைக்கும். அந்த மூணு மாசத்தை அவங்க வீட்டுக்குள்ள கழிக்க மாட்டாங்க.

பேஸ்பால் இந்தக் கோடைக்காகவே அமைஞ்ச மாதிரி ஒரு விளையாட்டு. மார்ச் கடைசியில இல்லன்னா ஏப்ரல்ல ஆரம்பிச்சு செப்டம்பர் கடைசி வரைக்கும் ஏறக்குறைய தினமும் ஒரு மேட்ச். முன்னாடி ஒரு சீசனுக்கு 154 ஆட்டம், 1960-கள்ல இருந்து 162. அதுல பாதி சொந்த ஊர்ல. ஐபிஎல்ல ஒரு டீம் லீக் சுற்றுல 14 மேட்ச் ஆடுது, ஒவ்வொண்ணும் திருவிழா. பேஸ்பால்ல அப்படி இல்ல. இன்னைக்குத் தோத்தா நாளைக்கு இன்னொண்ணு. தோல்வி அங்க தினசரி வாழ்க்கையில ஒரு பகுதி.

ரிக்லி ஃபீல்ட் 1914-ல திறந்தது. ஒரு உணவகத் தொழிலதிபர் வேற ஒரு லீக் டீமுக்காகக் கட்டினது. அந்த லீக் ரெண்டே வருஷத்துல மூடிடுச்சு, 1916-ல கப்ஸ் அங்க குடிவந்தது. நகரத்தோட வடக்குப் பகுதி. சுத்தி வீடுகள், கொஞ்ச தூரத்துல தூண்கள் மேல ஓடுற எலிவேட்டட் ரயில். எதிர் வீட்டு மொட்டைமாடியில ஏறினா மேட்ச் தெரியும். கொஞ்ச காலத்துல சூயிங்கம் கம்பெனி முதலாளி வில்லியம் ரிக்லி கைக்கு டீம் வந்தது. மைதானத்துக்கு அவர் பேருதான்.

அந்தக் காலத்துல எல்லா பேஸ்பால் ஆட்டமும் பகல்லதான். ஸ்டேடியத்துல விளக்கு கிடையாது. அப்போ கேள்வி என்னன்னா, வேலை நாள்ல மத்தியானம் மூணு மணிக்கு மேட்ச் வெச்சா யார் வருவாங்க?

லீவுல இருக்கிற பசங்க வருவாங்க. ரிட்டயர் ஆனவங்க, நைட் ஷிஃப்ட் முடிச்சுத் தூங்கி எழுந்தவங்க, ஓட்டல்ல ராத்திரி வேலை பார்க்கிறவங்க, ஆபீஸ்ல ஏதோ பொய் சொல்லிட்டு நழுவினவங்க வருவாங்க. அப்புறம் பெண்கள். 1920-கள்ல ரிக்லி நிர்வாகம் வாரத்துல ஒருநாள் பெண்களை இலவசமா உள்ள விட்டது. லேடீஸ் டே. 1930 ஜூன்ல ஒருநாள் 30,000-க்கும் மேற்பட்ட பெண்கள் வந்தாங்க. காசு கொடுத்து வந்தவங்களை விட இவங்க கூட்டம் அதிகம்.

அதாவது மத்தியான மேட்ச்ங்கிறது பணம் இருக்கிறவங்களுக்கான பொழுதுபோக்கா இல்ல, நேரம் இருக்கிறவங்களுக்கான பொழுதுபோக்கா இருந்தது. ஊர்ல யாருக்கெல்லாம் கையில நேரம் இருந்ததோ, அவங்களை எல்லாம் கப்ஸ் சேர்த்துக்கிச்சு. அதுல ரொம்ப முக்கியமானவங்க பத்து வயசுப் பசங்க. அந்த வயசுல பிடிச்சது கடைசி வரைக்கும் போகாதுங்கிறது உங்களுக்கே தெரியும்.

சமையலறை வரைக்கும் வந்த ஆட்டம்

ரெண்டாவது விஷயம் ரேடியோ. 1920-கள்ல பல டீம் முதலாளிகள் ரேடியோன்னாலே பயந்தாங்க. வீட்ல உட்கார்ந்து சும்மா கேட்டா யாரு டிக்கெட் வாங்குவாங்கன்னு அவங்க வாதம். ரிக்லி தலைகீழா யோசிச்சார். சூயிங்கம் வித்தவர் இல்லையா, விளம்பரத்தோட அருமை தெரியும். எந்த ஸ்டேஷன் வேணும்னாலும் வந்து ஒலிபரப்பிக்கோங்கன்னு விட்டுட்டார். ஒரே ஆட்டத்தைப் பல ஸ்டேஷன்கள் ஒலிபரப்பின. கோடை மத்தியானம் ஜன்னல் திறந்திருக்கிற தெருவுல நடந்தா ஒவ்வொரு வீட்லயும் அதே கமெண்டரி.

இதுல ஒரு சுவாரசியமான கிளைக்கதை. அயோவா மாநிலத்துல டெ மொயின்னு ஒரு ஊர். அங்க ஒரு ஸ்டேஷன்ல 1930-கள்ல ஒரு இளைஞர் கப்ஸ் மேட்ச் கமெண்டரி சொல்லிட்டிருந்தார். ஆனா மைதானத்துல இருந்து இல்ல. தந்தியில வர்ற சுருக்கமான தகவலை வெச்சு, நேர்ல பார்க்கிற மாதிரியே ஸ்டூடியோவில உட்கார்ந்து சொல்லுவார். ஒருநாள் நடுவுல தந்தி கட் ஆயிடுச்சு. ஆட்டத்தை நிறுத்தினா கேட்கிறவங்க வேற ஸ்டேஷனுக்குப் போயிடுவாங்க. அதனால பேட்டர் பந்தைக் கோட்டுக்கு வெளிய அடிக்கிறார், மறுபடியும் வெளிய அடிக்கிறார்னு பல நிமிஷம் அவரே கற்பனையில ஓட்டினாராம். அந்த இளைஞர் பேரு ரொனால்ட் ரேகன். ஆமா, பிற்காலத்துல அமெரிக்க ஜனாதிபதியானவரேதான். இந்தக் கதையை அவரே பலமுறை சொல்லியிருக்கார்.

பின்னாடி டிவி வந்தப்பவும் இதேதான் நடந்தது. டபிள்யூஜிஎன்ங்கிற சிகாகோ சேனல் 1948-ல இருந்து ஆட்டங்களைக் காட்டுச்சு. 1980-கள்ல அது கேபிள் வழியா நாடு முழுக்கப் போச்சு. மத்த டீம்கள் ராத்திரி ஆடுறப்போ கப்ஸ் மட்டும் பகல்ல ஆடினதால, ஸ்கூல் விட்டு வந்து டிவி போடுற பசங்களுக்குக் கிடைச்ச ஒரே லைவ் மேட்ச் பெரும்பாலும் கப்ஸோடதுதான். சிகாகோவையே பார்க்காத பசங்க கப்ஸ் ரசிகர்களானது இப்படித்தான்.

யாருடைய சொந்த ஊர்?

இங்க ஒரு நிமிஷம் நிறுத்தணும். "ஊரே சேர்ந்து பார்த்துச்சு"ன்னு நான் சுலபமா சொல்லிட்டேன். எல்லாருக்கும் அந்த டீம் சொந்தமா இருந்ததா?

அமெரிக்க மேஜர் லீக்ல 1947 வரைக்கும் பல பத்தாண்டுகளாகக் கறுப்பின வீரர்களுக்கு இடமே கிடையாது. அந்த வருஷம் ஜாக்கி ராபின்சன் அந்தத் தடையை உடைச்சு புரூக்ளின் டாட்ஜர்ஸுக்காக ஆட வந்தார். 1947 மே 18-ஆம் தேதி அவர் முதல் தடவையா ரிக்லி ஃபீல்ட்ல ஆடினார். அன்னைக்கு வந்த கூட்டம் 46,572 பேர். சிகாகோவோட தெற்குப் பகுதியில இருந்து கறுப்பின மக்கள் சர்ச்சுக்குப் போற மாதிரி நல்ல உடுப்பு உடுத்திக்கிட்டு, நகரத்தைக் கடந்து வடக்குக்கு வந்தாங்க. அவங்க வந்தது எதிரணி வீரரைப் பார்க்க.

கப்ஸ் தன் டீம்ல ஒரு கறுப்பின வீரரை ஆட விடுறதுக்கு அதுக்கப்புறமும் ஆறு வருஷம் ஆச்சு. 1953 செப்டம்பர்ல வந்தவர் பேரு எர்னி பேங்க்ஸ். 512 ஹோம் ரன் அடிச்சார், ரெண்டு வருஷம் லீக்கோட சிறந்த வீரர் விருது வாங்கினார். கப்ஸுக்காக 2,528 ஆட்டம் ஆடினார். அத்தனை ஆடியும் ஒரே ஒரு நாக் அவுட் மேட்ச்கூட ஆடக் கிடைக்கல. ஆனா அவர் எதுக்குப் பேர் போனவர் தெரியுமா? இன்னைக்கு நல்ல நாள், ரெண்டு மேட்ச் ஆடலாம்னு சொல்றதுக்கு. மிஸ்டர் கப்ன்னு ஊரே கொண்டாடுச்சு. தாமதமா கதவைத் திறந்த டீமுக்கு அந்த மனுஷன் கொடுத்தது ரொம்ப அதிகம்.

விசுவாசத்தை யார் சாப்பிட்டாங்க?

வில்லியம் ரிக்லி 1932-ல இறந்தப்புறம் மகன் பி.கே. ரிக்லி கைக்கு டீம் வந்தது. அவர் எண்ணம் இதுதான்: ஜெயிக்கிறது நம்ம கையில இல்ல, மைதானம் நம்ம கையில இருக்கு. அதனால மைதானத்தை விற்போம். வெயில், காத்து, பசுமை, பிக்னிக்னு விளம்பரம் பண்ணாங்க. 1937-ல வெளிப்பக்கச் சுவர் ஓரமா கொடி நட்டாங்க. அந்த வேலையைப் பார்த்தவர் 23 வயசு பில் வீக். கையால எண் மாத்துற பெரிய ஸ்கோர்போர்டும் அப்போ வந்ததுதான். ரெண்டும் இன்னைக்கும் இருக்கு. மேட்ச் முடிஞ்சதும் ஸ்கோர்போர்டு மேல ஒரு கொடி ஏத்துவாங்க. ஜெயிச்சா டபிள்யூ, தோத்தா எல். ரயில்ல வேலை முடிஞ்சு வீட்டுக்குப் போறவங்க ஜன்னல் வழியா பார்த்தே ரிசல்ட் தெரிஞ்சுக்கலாம்.

அழகான இடம்தான். ஆனா அழகு மட்டும் போதும்னு முதலாளி முடிவு பண்ணா டீம் என்ன ஆகும்? 1947-ல இருந்து 1966 வரைக்கும் 20 வருஷம் தொடர்ந்து கப்ஸ் பட்டியலோட கீழ்ப்பாதியிலதான் முடிச்சது.

அந்தக் காலத்துல ரசிகர்கள் என்ன பண்ணாங்க? இங்கதான் ஒரு பொய்யை உடைக்கணும். எவ்வளவு தோத்தாலும் கப்ஸ் மைதானம் எப்பவும் நிரம்பி வழியும்னு ஒரு பேச்சு இருக்கு. நிஜம் அப்படி இல்ல. 1966-ல டீம் 103 ஆட்டம் தோத்துக் கடைசி இடம். அந்த செப்டம்பர் 21-ஆம் தேதி மைதானத்துக்கு வந்தவங்க மொத்தம் 530 பேர். ஒரு சின்ன சினிமா தியேட்டர் கூட்டம். ஜனங்க முட்டாள்கள் இல்ல, மோசமான பண்டத்துக்குக் காசு கொடுக்க மறுத்தாங்க. ஆனா வேற டீமுக்கும் மாறல. அதே ஊர்ல தெற்குப் பக்கம் ஒயிட் சாக்ஸ்னு இன்னொரு டீம் இருந்தது, 1959-ல வேர்ல்ட் சீரிஸ் வரைக்கும் போச்சு. வடக்குப் பக்கத்துக்காரங்க அந்தப் பக்கம் திரும்பல. வீட்ல ரேடியோ போட்டுத் திட்டிக்கிட்டே கேட்டாங்க.

1969-ல டீம் திடீர்னு எழுந்தது. அந்த வருஷம் 16 லட்சம் பேருக்கு மேல வந்தாங்க. ப்ளீச்சர்ஸ்ங்கிற கூரையில்லாத மர பெஞ்சுல டிக்கெட் ஒரு டாலர் அளவுலதான். லீவுல இருக்கிற பசங்க பேப்பர் போட்ட காசுல வந்து உட்கார்ந்தாங்க. ஆகஸ்ட் நடுவுல டீம் பெரிய முன்னிலையில இருந்தது. செப்டம்பர்ல சரிஞ்சு, நியூயார்க் மெட்ஸுக்கு 8 ஆட்டம் பின்னாடி முடிச்சது. ஏன்? ரசிகர்கள் இன்னும் வாதாடுறாங்க. ஒரு தரப்பு சொல்ற காரணம், மத்த டீம்கள் ராத்திரி குளிர்ச்சியில ஆடுறப்போ கப்ஸ் வீரர்கள் மட்டும் கோடை முழுக்க உச்சி வெயில்ல ஆடிக் களைச்சுப் போனாங்கன்னு. அது உண்மைன்னா, ரசிகர்களுக்குப் பிடிச்ச மத்தியானம்தான் டீமைத் தோற்கடிச்சிருக்கு.

1983-ல இன்னொரு சம்பவம். ஏப்ரல் 29, டீம் மறுபடியும் தோத்திருக்கு, ரசிகர்கள் சிலர் வீரர்கள் மேல பியர் ஊத்தியிருக்காங்க. மேனேஜர் லீ எலியா கொதிச்சுப் போய் நிருபர்கள் முன்னாடி வண்டை வண்டையா பேசினார். கெட்ட வார்த்தையை எல்லாம் எடுத்துட்டா அவர் சொன்னது இவ்வளவுதான்: உலகத்துல 85 சதவீதம் பேர் வேலைக்குப் போறாங்க, மிச்சம் 15 சதவீதம் இங்க வந்து உட்கார்ந்திருக்காங்க. ஆகஸ்ட்ல அவர் வேலையும் போச்சு. ஆனா யோசிச்சுப் பாருங்க, அவர் திட்டின அந்த 15 சதவீதம்தான் 530 பேர் வந்த நாளையும் கடந்து டீமைக் காப்பாத்தி வெச்சது.

விளக்கு வந்த ராத்திரி

மேஜர் லீக் பேஸ்பால்ல முதல் இரவு ஆட்டம் 1935-ல, சின்சினாட்டியில. 1948-க்குள்ள மத்த எல்லா டீமும் விளக்கு போட்டுடுச்சு. பி.கே. ரிக்லியும் 1941-ல விளக்குக்கான சாமான்களை வாங்கி வெச்சிருந்தார். பெர்ல் ஹார்பர் தாக்குதல் நடந்ததும் அதையெல்லாம் போர் வேலைக்குக் கொடுத்துட்டார். அப்புறம் விட்டுட்டார். 40 வருஷம் கப்ஸ் மட்டும் பகல் டீம்.

1981-ல டிரிப்யூன் கம்பெனி டீமை வாங்கினப்புறம் விளக்குப் பேச்சு மறுபடி வந்தது. அக்கம்பக்கத்து ஜனங்க எதிர்த்தாங்க. ராத்திரி சத்தம், குடி, பார்க்கிங். மாநிலச் சட்டம், நகரச் சட்டம்னு போய், லீக் நிர்வாகம் முக்கியமான ஆட்டங்களை வேற ஊருக்கு மாத்திடுவோம்னு மிரட்ட, 1988-ல நகர மன்றம் சம்மதிச்சது. அதுவும் சீசனுக்கு 18 இரவு ஆட்டம்தான்னு வரம்பு. 1988 ஆகஸ்ட் 8-ஆம் தேதி 91 வயசு ரசிகர் ஒருத்தர் சுவிட்சைப் போட்டார். நாலாவது இன்னிங்ஸ்லயே மழை கொட்டி ஆட்டம் ரத்து. சூரிய பகவானுக்கே பிடிக்கலைன்னு ஊர்ல சிரிச்சாங்க. மறுநாள்தான் முதல் முழு இரவு ஆட்டம் நடந்தது.

ஒரு பந்தும் ஒரு ரசிகரும்

விசுவாசத்துக்கு ஒரு அசிங்கமான முகமும் இருக்கு. 2003 அக்டோபர் 14. வேர்ல்ட் சீரிஸுக்குப் போக கப்ஸுக்கு இன்னும் ஐந்தே அவுட் தேவை. ஓரமா வந்த பந்தைப் பிடிக்க ஒரு ரசிகர் கை நீட்டினார். பக்கத்துல இருந்த பலரும்தான் நீட்டினாங்க. பந்து அவர் கையில பட்டு, வீரரால பிடிக்க முடியல. அதே இன்னிங்ஸ்ல எதிரணி 8 ரன் எடுத்தது, மறுநாள் ஆட்டத்தையும் கப்ஸ் தோத்தது. பிழை விட்டது வீரர்கள், ஆனா மைதானமே அந்த மனுஷனைப் பார்த்துக் கத்துச்சு. காவலர்கள் பத்திரமா வெளிய கூட்டிட்டுப் போக வேண்டியிருந்தது. அவர் வாழ்நாள் முழுக்க கப்ஸ் ரசிகர். அதுக்கப்புறம் பொது இடத்துலயே தலை காட்டல. அவர் பேரை நான் சொல்லப் போறதில்ல.

மறுபடியும் சுவர்

2016-ல என்ன நடந்ததுன்னு ஓரளவு உங்களுக்குத் தெரிஞ்சிருக்கும். கிளீவ்லேண்டோட ஏழு ஆட்டத் தொடர். 1-க்கு 3-ன்னு பின்தங்கி, மீண்டு வந்து, நவம்பர் 2-ஆம் தேதி ஏழாவது ஆட்டம். ஒன்பது இன்னிங்ஸ் முடிவுல சமம். மழையால 17 நிமிஷ இடைவேளை. பத்தாவது இன்னிங்ஸ்ல 8-7. ஒருத்தர் பல நூறு மைல் கார் ஓட்டிட்டுப் போய், அப்பாவோட கல்லறைப் பக்கத்துல நாற்காலி போட்டு ரேடியோவுல அந்த ஆட்டத்தைக் கேட்டார். சேர்ந்து கேட்கலாம்னு அப்பாவோட ஒரு ஒப்பந்தமாம். எர்னி பேங்க்ஸ் அதுக்கு 21 மாசம் முன்னாடிதான், 2015 ஜனவரியில இறந்திருந்தார். 2003-ல பந்துக்குக் கை நீட்டின அந்த ரசிகருக்கு டீம் 2017-ல சாம்பியன்ஷிப் மோதிரம் ஒண்ணு கொடுத்தது. அவரும் வாங்கிக்கிட்டார்.

இப்போ கேள்விக்குத் திரும்பலாம். சுவர்ல யாரும் 8-7-ன்னு ஸ்கோரை நினைச்சு அழல. "தாத்தா, நீ என்னைக் கூட்டிட்டு வந்தியே"ன்னு நினைச்சு அழுதாங்க. வேலைக்குப் போகாத ஒரு மத்தியானம், ஒரு பெரியவரும் ஒரு சின்னப் பிள்ளையும் மூணு மணி நேரம் பக்கத்துல பக்கத்துல உட்கார்ந்திருந்தாங்க. பெருசா எதுவும் பேசல. டீம் அநேகமா தோத்திருக்கும். ஆனா அந்த டீமை விட்டா அந்த மத்தியானத்தையும் விடணும். அதை யாரால முடியும்?

எனக்கு ஒரு கவலையும் இருக்கு. ரிக்லியில இப்பவும் நிறைய பகல் ஆட்டம் நடக்குது. ஆனா ஒரு டாலர் பெஞ்சு இல்ல. ஜெயிச்ச டீமோட டிக்கெட் விலை ஏறிடுச்சு, நாலு பேர் குடும்பம் ஒருநாள் போறதே பெரிய செலவு. பேப்பர் போட்ட காசுல தனியா வர்ற பையன் இன்னைக்கு அங்க இல்ல. டீம் மேல இருந்த பாசத்தை உருவாக்கினது சும்மா கிடைச்ச மத்தியானங்கள். அது இல்லாம அடுத்த நூறு வருஷத்துக்கான ரசிகர்கள் எங்க இருந்து வருவாங்க?

சாக்பீஸ் எழுத்து எத்தனை நாள் நிக்கும்? மழையில கரைஞ்சு போச்சு. எழுதினவங்களுக்கும் அது தெரியும், தெரிஞ்சுதான் எழுதினாங்க.

உங்களை முதல்முதலா ஒரு மேட்சுக்குக் கூட்டிட்டுப் போனது யாரு? அவங்க இருந்தா இன்னைக்கு ஒரு போன் பண்ணுங்க. அடுத்த எபிசோட்ல சந்திக்கலாம்.